ஒரே கணக்கில் இரண்டு வயிறு

ஜனவரி 20, திங்கள்

எண்பத்தொன்றரை கிலோ. மதுரை ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா வராண்டா முழுக்கக் கேட்கும்படி படித்தாள். கோவில்பட்டியில் பாதிப் பெண்களின் அளவு எனக்குத் தெரியும். இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், ஒருத்தியுடையதையும் வெளியே விட்டதில்லை. என்னுடையதை இவள் ஒரு நொடியில் ஊருக்கே அறிவித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். என் தம்பி ஆவுடையப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் தன்னுடையதைத் தருகிறேன் என்று நின்றாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு எல்லாம் பொருந்துகிறது, எடையைத் தவிர. “எழுபத்திரண்டுக்கு வாங்கம்மா. அதுக்கு மேல இருந்தா உங்களுக்கு ஆபத்து. நான் கத்தியத் தொட மாட்டேன்” என்றார் டாக்டர். எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டேன். “ஜூனுக்குள்ள முடிச்சிரணும். அவர் இதயம் சோர்ந்துக்கிட்டே வருது. தள்ளிப் போனா ஆபரேஷனைத் தாங்குவாரான்னு சொல்ல முடியாது.”

ஆக, ஒன்பதரை கிலோ. ஐந்து மாதம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவனும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. என் மகள் தேன்மொழிக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? சிவகாசிக்குப் போய்ச் சீர் வாங்கிக்கொண்டு வந்தவனின் பஸ் சாத்தூர் தாண்டிப் படுத்துவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று என் வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர்கள் குதித்தார்கள். கொழுந்தனார் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். இவன் வந்து பார்த்தான், சீர்த்தட்டைக் கீழே வைத்தான், பந்தியில் உட்காராமல் போனான். போனவன் போனவன்தான். நான்கு தெரு தள்ளி இருக்கிறான். இன்றும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தக் கடைசியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கிட்னி மட்டும் ஆகும். என் வீட்டுச் சோறு ஆகாது. இருக்கட்டும். நான் பேச்சிக்காகத்தான் செய்கிறேன்.

சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண், ரோஸ்லின் என்று பெயர், எங்கள் இரண்டு பேர் போனையும் வாங்கி ஏதோ கலோரி ஆப் போட்டுக் கொடுத்தாள். தின்பதையெல்லாம் அதில் எழுத வேண்டுமாம். எனக்கு ஒரு நாளைக்கு 1,300. அவனுக்கு உப்பு, தண்ணீர், புரதம் என்று வேறு கணக்கு.

ஜனவரி 22

இட்லி என்றால் எத்தனை கிராம் என்று கேட்கிறது. இட்லியை யாராவது தராசில் வைப்பார்களா? சாம்பார் எத்தனை கப் என்கிறது. எங்கள் வீட்டில் கப் என்று இருப்பது தேன்மொழி கோலப் போட்டியில் வாங்கினது ஒன்றுதான். கரண்டி என்றால் தெரியவில்லை, குழிக்கரண்டி என்றால் சுத்தமாகத் தெரியவில்லை. எந்தச் சீமையிலோ தின்கிற ரொட்டிக்கெல்லாம் பத்து விதம் வைத்திருக்கிறது. உளுந்தங்களி இல்லை.

என் வீட்டுக்காரர் அழகர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். மோட்டார் வைண்டிங் கடைக்காரருக்கு மனைவி படுகிற பாடு சிரிப்பாக இருக்கிறது. “ஒரு மோட்டாருக்கு எத்தன யூனிட் இழுக்கும்னு பாக்குத மாதிரிதான் வல்லி. பாத்துப் பழகு” என்றார். பழகுகிறேன்.

ஜனவரி 25

ஆப் பொய் சொல்கிறது. பகல் முழுக்க நான் தின்றது எழுநூறுகூட இருக்காது. சாயங்காலம் திறந்தால் ஆயிரத்து நானூறு என்று சிவப்பில் எரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நான் கண்ணாலும் காணாத சாப்பாடு. இட்லி இரண்டு. முட்டை வெள்ளைக்கரு இரண்டு. வேகவைத்து வடித்த கோஸ்.

“ஏட்டி, என் போன எடுத்து விளையாடுதியா?” என்று தேன்மொழியைப் பிடித்தேன். அவள் “எனக்கு வேற வேல இல்ல பாரு” என்கிறாள். அழகரைக் கேட்டால் அவருக்கு போனில் பேசவும் டார்ச் அடிக்கவும் மட்டும்தான் தெரியும். பசி வேறு. கோபத்தில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

புரிந்துவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி காலையில் அந்த மர்மச் சாப்பாடு ஒன்றும் ஏறுவதில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் ஏறுகிறது. அது அவன் டயாலிசிஸ் போகிற நாள். முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டுத் தின்னச் சொல்லி ரோஸ்லின் அவனுக்குத்தான் சொன்னாள், நான் பக்கத்தில்தானே இருந்தேன்.

தேன்மொழி பார்த்துச் சொன்னாள்: இரண்டு போனிலும் ஒரே மெயில். அந்த மெயில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஆவுடை போட்டுக் கொடுத்தது. கேஸ் புக் பண்ண, கரண்டு பில் கட்ட, எல்லாவற்றுக்கும் இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மெயில் வேறு வேறாக வைத்துக்கொள்கிற குடும்பமா நாங்கள்? ரோஸ்லின் திரையில் வந்த பெயரை அமுக்கிவிட்டாள். ஆப்புக்கு நாங்கள் இருவரும் ஒரே ஆள்.

“மாத்திரவாம்மா? ரெண்டு நிமிஷ வேலதான்.”

“வேண்டாம். எழுதின கணக்கெல்லாம் போயிரும்.”

“போகாதும்மா.”

“வேண்டாங்கேன்ல.”

அவனுடையதைக் கழித்துவிட்டு என்னுடையதைக் கூட்டிக்கொள்ள எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 4

எண்பது. ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. மாசி முகூர்த்தம் நெருங்குகிறது. பதினாறு ஜாக்கெட் கிடக்கிறது, அதில் நான்கு ஆரி எம்பிராய்டரி வேலை.

அவன் நாளெல்லாம் ஒன்றரை இட்லி. அதோடு சரி. பேச்சி என்னத்தைத்தான் பொங்கிப் போடுகிறாள்? ஜாக்கெட் துணி வாங்கிவிட்டாயா என்று கேட்கிற சாக்கில் போன் போட்டு, “ஒரு மிளகுப்பொடி, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு விட்டு உப்பில்லாமத் தாளிச்சுப் பாரேன். வாய் செத்துப் போயிருக்கும்லா” என்றேன்.

“ஒன்றர இட்லியோட எந்திரிச்சாகன்னு ஒங்களுக்கு எப்படி மதினி தெரியும்?”

நான் ஒன்றரை இட்லி என்று சொல்லவே இல்லை. அவளாகச் சொன்னது. சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6

மூன்று இட்லி! மிளகுப்பொடி வேலை செய்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாண வீடு. நம் கையால் தைத்த ஜாக்கெட்டைப் பெண் போட்டுக்கொண்டு நிற்கிறாள், பார்க்காமல் வர முடியுமா? பார்த்தால் சாப்பிடாமல் வர விடுவார்களா? சாப்பாட்டை ஒரு மாதிரி ஒதுக்கி ஒதுக்கித் தப்பித்தேன். கிளம்பும்போது பெண்ணின் அம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வாசலை மறித்தாள். நான்கு. வீட்டுக்கு வந்து பொய் சொல்லாமல் எழுதினேன்: வாழைக்காய் பஜ்ஜி, 4.

பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தால் அதற்குக் கீழே ஒரு புதுச் சாப்பாடு. ஆப்பில் பெயர் இல்லாத பலகாரத்தை நாமே பெயர் எழுதிச் சேர்க்கலாம், எத்தனை கலோரி என்றும் நாமே போடலாம். அப்படிச் சேர்த்திருந்தது.

“நாலு பஜ்ஜி யாரு தின்னது” — 0 கலோரி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது! எத்தனை நாளாகத் தெரியுமோ! என் சுண்டல், என் திருட்டு மிக்சர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பிப்ரவரி 17

யோசித்து யோசித்துக் காலையில் ஒரு பலகாரம் சேர்த்தேன். “தின்னவளுக்குத் தெரியும்” — 0 கலோரி.

அரை மணியில் அடுத்தது. “டாக்டருக்கும் தெரியணும்” — 0 கலோரி.

திமிரைப் பார். சிரித்துக்கொண்டே பொத்தானுக்குக் காஜா எடுத்தேன். கடைக்கு வந்தவள் என்னக்கா தனியா சிரிக்கிறீங்க என்றாள். பொத்தான் கோணல் என்றேன்.

மார்ச் 1

எழுபத்தேழரை.

எங்கள் பலகாரப் பட்டியல் இந்த வாரம்: “நடந்தாச்சா.” “நடந்தாச்சு, கால் வலி.” “பழைய செருப்ப மாத்தணும்.” “ஊசி குத்தின எடம் வீங்கிருக்கு.” “ஐஸ் வச்சியா.” “வச்சேன்.” எல்லாம் பூஜ்யம் கலோரி. அவன் அக்கா என்று எழுதவில்லை. நானும் தம்பி என்று எழுதவில்லை. பேச்சுவார்த்தை கிடையாதே.

ரோஸ்லின் மாதக் கணக்கைப் பார்க்கிறேன் என்று போன் போட்டாள். “என்னக்கா இது, லிஸ்டுல ‘செருப்ப மாத்தணும்’னு ஒரு ஐட்டம் இருக்கு?” என்றாள். அது எங்க ஊர்ப் பலகாரம் என்று சொன்னேன்.

மார்ச் 19

இரண்டு வாரமாக எழுபத்தேழிலேயே நிற்கிறது. ஆடவில்லை, அசையவில்லை. நடக்கிறேன், அளந்துதான் தின்கிறேன். எடை பார்க்கிற மிஷினைச் சுவரோரம் வைத்துப் பார்த்தேன், நடு வீட்டில் வைத்துப் பார்த்தேன். ரோஸ்லின் இப்படிச் சில சமயம் நிற்கும், பொறுங்கள் என்கிறாள். அவளுக்கு என்ன, ஜூன் எனக்குத்தானே வருகிறது.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். காலையிலும் ஒன்று போதும்.

மார்ச் 24

இரண்டு இட்லி, ஒரு தோசை, கூட்டு, மோர் என்று ஆப்பில் எழுதினேன். எழுதினேன், அவ்வளவுதான். குறைவாக எழுதினால் அந்தப் பக்கம் ஒருத்தன் பார்க்கிறான், வீணாக மனசை அலட்டிக்கொள்வான்.

எழுபத்தாறு. பார்த்தாயா, இறங்கிற்று.

ஏப்ரல் 2

எழுபத்தைந்து சொச்சம். தலை கொஞ்சம் கிறுகிறுப்பு. வெயில்தான்.

அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். காலையில் மூன்று இட்லி, மத்தியானம் சோறு, முட்டை. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

ஏப்ரல் 9, புதன்

செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழா நடக்கிறது. எனக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள். போக முடியவில்லை. படுக்கையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் பேச்சி கடைக்கு வந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். “அவுக வாயில ஒண்ணும் வைக்க மாட்டுக்காக மதினி. அர இட்லி, அதையும் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுருதாக. ஆளு எலும்புக்கூடாயிட்டாக.”

“மூணு இட்லின்னுல்லா எழுதிருக்கு?” என்றேன். போனைத் திறந்து காட்டினேன். பேச்சி பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். “பூராப் பொய்யி மதினி.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! பொய்க் கணக்கு எழுதுகிறானா? ஒருத்தி இங்கே உட்கார்ந்து அதை நம்பி நிம்மதியாக இருக்கிறாளே, அவளை ஏமாற்றுகிறானா? இப்பவே போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று எழுந்தேன். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அழகர் முகம், தண்ணீர், தெருச் சனம்.

இங்குள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் தேன்மொழி போட்டுக் கொடுத்துவிட்டாள். “ரெண்டு வாரமா அம்மா ஒரு வேளைதான் டாக்டர் சாப்பிடுறாங்க.” பேச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இனி அது நான்கு தெருவும் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அழகர் திட்டவில்லை. குளுக்கோஸ் ஏறுகிற கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். “ஸ்டேண்ட்பை மோட்டார் இல்லாம ஓட்டாதீகன்னு எல்லார்ட்டயும் சொல்லுதவன் நான். ஒன்ன மட்டும் ஒத்த கிட்னியோட ஓட்டணும். எனக்கு ஈரக்கொல நடுங்குதுடி” என்றார். இத்தனை நாள் ஒரு வார்த்தை சொன்னவரில்லை.

ஏப்ரல் 11

கொண்டைக்கடலை எழுத ஆப்பைத் திறந்தேன். ஒரு புதுப் பலகாரம் கிடந்தது.

“பட்டினி கிடந்து குடுக்கிற கிட்னி வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு” — 0 கலோரி.

விளையாட்டு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். உண்மைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நோயாளி சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம்.

ஏப்ரல் 12, சனி

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவன் வீட்டுப் படியேறினேன். டயாலிசிஸ் முடித்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் சட்டைக்குள் பார்த்தபோது தெரியவில்லை. பனியனோடு பார்க்கிறேன், தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கேட்க வந்ததெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

“பேச்சி, வந்தவுகளுக்குச் சேர எடுத்துப் போடு” என்றான், சுவரைப் பார்த்து.

“பேச்சி, நான் உக்கார வரல. வேண்டாம்னு யாரக் கேட்டுச் சொன்னான்னு கேளு.”

“பேச்சி, மயங்கி விழுந்து குடுக்குதத வாங்கி வச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட உசுரோட இருக்கன்னு அவுகட்டக் கேளு.”

“அர இட்லியத் தின்னுட்டு மூணு இட்லின்னு எழுதுதவனுக்கு மூஞ்சி ஒரு கேடான்னு கேளு.”

“ஒண்ணுமே திங்காமத் தோசையும் மோரும் எழுதினது யாருன்னு கேளு!”

பேச்சி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். “கொழாயில தண்ணி வந்துட்டு. எனக்குக் கொடம் வைக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயேவிட்டாள்.

நடுவில் ஆள் இல்லை. இனி என்ன செய்வது? அவன் விட்டத்தைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவன் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து ஏதோ தட்டினான். தட்டிவிட்டுக் கீழே வைத்தான். நான் மணிபர்சைத் திறந்து என் போனை எடுத்தேன்.

“ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா” — 0 கலோரி.

கண் மறைத்தது. எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடித் தட்டினேன். “எனக்கும் அதே பயம்தாம்ல” — 0 கலோரி.

அவன் போனைப் பார்த்தான். நெற்றியை முழங்கையால் மறைத்துக்கொண்டான். ஊசி குத்திக் குத்தி வீங்கின கை. பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சி குடத்தோடு வந்து, “முடிஞ்சுதா?” என்றாள். அவளாகவே இரண்டு தட்டு எடுத்து இட்லி வைத்தாள். “அவுக சாப்பிட்டா நான் சாப்பிடுதேன்னு சொல்லு” என்றான். “அவன் முழுசாத் தின்னாத்தான் நான் தொடுவேன்” என்றேன். ஒரு வாய் அவன், ஒரு வாய் நான் என்று சீட்டு விளையாடுகிற மாதிரிச் சாப்பிட்டோம். மூன்றாவது இட்லியில் அவன் சட்னியைத் தேடினான். எனக்குக் கோயிலில் தேர் நிலைக்கு வந்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 14

புது வருடம். புது ஏற்பாடு. இனி சாப்பாட்டை நாங்கள் இருவரும் எழுதக் கூடாது, எங்கள் யோக்கியதை தெரிந்துவிட்டது. என் தட்டைப் பார்த்து அழகர் எழுதுவார், அவன் தட்டைப் பார்த்துப் பேச்சி எழுதுவாள். பூஜ்யம் கலோரிப் பலகாரம் மட்டும் எங்கள் பொறுப்பு.

ஆஸ்பத்திரிக்கு அவனே போன் பண்ணிச் சம்மதம் என்றானாம். 1,300க்கு ஒன்றுகூடக் குறையக் கூடாதென்று எனக்கு நிபந்தனை. அழகர் ஆப்பில் எழுதப் பழகிவிட்டார். ரசத்தைக்கூட விடுவதில்லை, மனுசன் போலீஸாகிவிட்டார்.

மே 6

எழுபத்து நாலரை. ஒழுங்காகத் தின்றாலும் குறைகிறது. இதை முதலிலேயே ரோஸ்லின் சொன்னாள்.

மைதானத்தில் சாயங்காலம் அழகரும் கூட நடக்கிறார். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு இடுப்பு அதிகம் என்று சண்டை. டேப் என் கையில், ஜெயித்தது நான்தான்.

மே 18

கத்திரி வெயில் கொளுத்துகிறது. அவனுக்கு நாள் முழுக்கச் சேர்த்து ஒரு லிட்டர்கூடத் தண்ணீர் கிடையாது. ரசம், மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். கூடினால் கால் வீங்கி மூச்சு முட்டும். “ஐஸ் துண்டு ரெண்டு, சப்பினது” என்று பேச்சி எழுதியிருக்கிறாள். நான் வாசலில் சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் வைத்துவிட்டேன்.

மே 27

எழுபத்து மூன்று. இன்னும் ஒன்று. என் ஜாக்கெட் ஒன்பதையும் பிடித்துத் தைத்தாயிற்று. “இப்படியே போனா கல்யாண ஜாக்கெட்டயே போட்டுரலாம்” என்கிறார் அழகர். போட்டுப் பார்த்தேன். கை ஏறவில்லை, ஆசைதான் ஏறுகிறது.

ஜூன் 5, வியாழன்

எழுபத்தொன்று, எண்ணூறு கிராம்! அதே நர்ஸம்மாவை இன்னொரு தரம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தாள், மகராசி.

ஜூன் 12

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று விசாரிக்கிற கமிட்டி. நான்கு பேர் மேஜைக்குப் பின்னால். “தம்பிக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை எப்படிம்மா?” என்று ஒருவர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். “பதினோரு வருஷமா பேச்சு கிடையாது சார்.” அவர் பேனாவை வைத்துவிட்டார். பிறகு ஏன் கிட்னி தருகிறீர்கள் என்றார்.

“பேச்சுதான சார் கிடையாது” என்றேன். அழுகை வந்துவிட்டது. பேச்சிக்காக, பேச்சிக்காக என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேனே, அதெல்லாம் சும்மா. எனக்கு என் தம்பி வேண்டும்.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. நாளை ஆபரேஷன். சாயங்காலத்துக்கு மேல் இருவருக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அழகர் ஆப்பைத் திறந்து எழுத ஒன்றும் இல்லாமல் மூடினார். பிறகு தேன்மொழிக்குத் தலை பின்னிவிடுகிறேன் என்று உட்கார்ந்து சிக்கலாக்கிவிட்டார். பாவம்.

அவன் மாடியில், நான் கீழே. கடைசிப் பலகாரம் அவனுடையது: “பசிக்கா.” நான்: “பசிக்கு. ஒனக்கு?” அவன்: “ரொம்ப.”

ஜூன் 22, ஞாயிறு

மூன்று நாள் எழுத முடியவில்லை. இடது பக்கம் நெருப்பு வைத்த மாதிரி. இன்று உட்கார வைத்தார்கள்.

மேஜையில் வைத்து இணைத்த உடனே என் கிட்னி அவனுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். பெரிய டாக்டரே வந்து சொன்னார். இருபது வருடமாக உழைத்த உடம்பு, சும்மா இருக்கத் தெரியுமா அதற்கு? அழகர் டாக்டர் காலில் விழப் போனார், பிடித்து நிறுத்தினோம்.

ஆனால் அவனைப் பார்க்க விட மாட்டேன் என்கிறார்கள். கிருமி ஒட்டிவிடுமாம், தனி அறை, கண்ணாடிக் கதவு. பேச்சியே முகமூடி போட்டுத்தான் போகிறாள். மத்தியானம் போன் சத்தம். அவன் பெயர். ஆப்பில் எழுதாமல் எதற்குக் கூப்பிடுகிறான், ஏதாவது ஆகிவிட்டதா? தையல் இழுக்க எட்டி எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

“யக்கா.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“யக்கா, கேக்கியா? நீயாவது இந்த நர்ஸம்மாட்டச் சொல்லு. மணிக்கொரு செம்புத் தண்ணி குடி, குடிங்காக. மூணு லிட்டராம். ரெண்டு வருசமா துளித்துளியா குடிச்சவன் நான், என்னால முடியலக்கா. வயிறு கொள்ள மாட்டுக்கு.”

பதினோரு வருடத்தில் இவனிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை கேள்வி சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றும் நிற்கவில்லை.

“குடில” என்றேன். “மூச்சு வாங்கி மெதுவாக் குடி. நான் இங்கனதான் இருக்கேன்.”

டம்ளரை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மடக் மடக்கென்று அவன் குடிக்கிற சத்தம். முழு டம்ளரும் முடிகிறவரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.